மண்வாசனையின் சொந்தக்காரர்கள்



காய்ந்த தரையில் மழை விழுந்ததும் கிளம்புகிற வாசனை இருக்கிறதே, அது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக்களின் கைவேலை. ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குபவை அவைதாம். நம்மை மயக்குவதற்காக அல்ல. மண்ணுக்குள் வாலை விசிறித் துள்ளும் ஒரு பொடிப்பூச்சி உண்டு. வாசனை பிடித்து வந்து பாக்டீரியாவைத் தின்றுவிட்டு, உடம்பில் ஒட்டிய வித்துகளைப் போகிற இடமெல்லாம் தூவுகிறது. 2020-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. சாப்பிட வந்த விருந்தாளியே விதைத்துவிட்டும் போகிறார்!

காசநோயை அடக்கிய முதல் ஆன்டிபயாடிக்கான ஸ்ட்ரெப்டோமைசின், 1943-இல் இதே பாக்டீரியாக் குடும்பத்திலிருந்துதான் கிடைத்தது. யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் ஐவர்மெக்டினுக்கும் மூலம், ஜப்பானில் சடோஷி ஓமுரா சேகரித்த மண்தான். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கலாம். எனக்கு அதைவிட வியப்பு, மண்ணுயிர்கள் வேலையைப் பிரித்துக்கொள்ளும் விதம். நிலக்கடலையின் வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவருவது வேர்ப்பூஞ்சை. வேரழுகலைத் தடுக்க டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை. சருகைப் பொடிக்க மண்புழு, மரவட்டை, கரையான். கோடையில் ஒரு வகை சுருண்டுபோனால் அதன் வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். அப்படி இன்னொன்று இருந்தால்! ஆண்டுக்கணக்காக ஒரே பயிர், அறுத்த தாளுக்குத் தீ என்று போன வயலில் மாற்று ஆள் குறைவு. வாடல் நோய் நுழைந்தால் தடுக்க நாதியில்லை.

அதனால்தான், உயிர் உரப் பாக்கெட்டைக் கரைத்து ஊற்றிவிட்டால் மண் பிழைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. பாக்கெட்டைக் குறை சொல்லவில்லை. அதில் இருப்பது ஒன்றிரண்டு வகை. அவற்றுக்கும் சோறு வேண்டாமா? தொழுவுரமும் மூடாக்கும் அந்தச் சோறு. பலதானியம் விதைத்து மடக்கி உழுவது இன்னும் நல்லது. ஒவ்வொரு செடியின் வேரும் வெவ்வேறு சர்க்கரையையும் அமிலத்தையும் கசியவிடுகிறது. அதைத் தேடி வெவ்வேறு உயிர்கள் வந்து சேரும்.

டிசம்பர் 5 உலக மண் நாள். நம் பக்கத்தில் மண் ஈரமாக இருக்கும் மாதம், மண்புழுவும் மேலாகவே கிடைக்கும். வீட்டுப் பிள்ளைகளை ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டச் சொல்லி, கண்ணில் பட்டதை வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, எத்தனை கால் என்று எண்ணி எழுதினால் போதும். மரவட்டை அகப்பட்டவர்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்