கொடுத்த பின் ரசீது கேட்ட கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்குள் எல்லா வேலைகளையும் பங்கிட்டு மேற்பார்வை செய்யும் புரோகிராமுக்கு 'கெர்னல்' என்று பெயர். அதில் ஒரு வரி முன்பின்னாக அமைந்தால் என்ன விபரீதம் நேரும் என்பதை 2009-ம் ஆண்டு லினக்ஸ் கெர்னலில் அகப்பட்ட ஓட்டை காட்டியது.

அவ்வாண்டு ஜூனில் வெளியான 2.6.30 பதிப்பில்தான் அது இருந்தது. 'டன்' எனப்படும் நெட்வொர்க் டிரைவரில். நிஜமான கார்டு இல்லாமலே, இருப்பதுபோல் தகவல் போக்குவரத்தை நடத்தித் தருவது அந்த டிரைவரின் வேலை.

ஒரு பொருள் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்பு 'பாயிண்டர்'. பொருளே இல்லாவிட்டால் அது பூஜ்யம். ஆகவே பூஜ்யமா என்று பார்த்த பிறகே அதைத் தொட வேண்டும். இங்கோ, பிப்ரவரியில் புதிதாகச் சேர்த்த வரி முதலில் தொட்டது. அதன்பின் வந்த வரி, பூஜ்யமா என்று விசாரித்தது!

பார்சல் ஆபீசில் சரக்கை ஒப்படைத்துவிட்டு, பிறகு ரசீது கேட்கும் குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளலாம். மேலதிகாரி வருகிறார். "சரக்குப் போய்விட்டதென்றால் ரசீது இருந்திருக்கத்தானே வேண்டும்? இனி எதற்கு இந்தச் சோதனை?" என்று அதை அடித்துவிடுகிறார். மனிதர் எழுதிய புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் 'கம்பைலர்' செய்தது இதைத்தான். எழுதியதைப் படித்தவர் கண்ணுக்குச் சோதனை தெரிந்தது; ஓடிய புரோகிராமில் அது இல்லை. கம்பைலரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. அது மொழியின் விதிப்படியே நடந்தது.

ஜூலையில் பிராட் ஸ்பெங்லர் என்ற நிபுணர் இந்த ஓட்டை வழியே முழு அதிகாரத்தையும் கைப்பற்றிக் காட்டினார். பூஜ்ய முகவரியில் முன்கூட்டியே தன் சரக்கை வைத்துவிட்டால், கெர்னல் அதைத் தன்னுடையதென்றே நம்பிவிடும். அந்த முகவரிக்குப் பூட்டு உண்டு. அதையும் அவர் தாண்டினார். ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குள் இடம் பிடித்தவருக்கே இது சாத்தியம் என்பது சிறு ஆறுதல்.

திருத்தம் சின்னது. வரியைச் சோதனைக்குக் கீழே இறக்கினார்கள். இத்தகைய சோதனைகளை நீக்கக் கூடாதென்று கம்பைலருக்கும் உத்தரவு போட்டார்கள். அதுதான் முக்கியம்.

நெட்வொர்க் டிரைவர்களில் பூஜ்யப் பிழைகள் இன்றும் அகப்படுகின்றன. பல, இயந்திரத்தை நிறுத்துவதோடு சரி. திருத்தமும் வருகிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகளும் லினக்ஸ் கெர்னலில் ஓடுபவைதாம். ஆனால் அவற்றுக்குத் திருத்தம் வந்து சேர்வது தயாரித்த கம்பெனியின் தயவில் இருக்கிறது. விலை மலிந்த கைபேசிகள் பலவற்றுக்குச் சில ஆண்டுகளிலேயே அனுப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். சம்பளம் வாங்கியதும் ஊருக்குப் பணம் அனுப்பப்படுவதும் அதே கைபேசியிலிருந்துதான்.