சொல்லுக்கும் குடியுரிமை வேண்டும்

அகராதி பண்டிதர் கூடிச் செய்யும் காரியம். பள்ளி ஆசிரியருக்கும் மாணவருக்கும் அங்கு என்ன வேலை? எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று இணையத்தில் 2004இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்சனரியில் தொண்டராக அமர்ந்து சொற்பொருள் எழுதுவோரைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி இது. மேடைதோறும் மக்கள் இலக்கியம் பேசுவோரும் இவ்வாறு கேட்கின்றனர். ஆதலால் விடையிறுப்பது நம் கடமையாகிறது.

ஆங்கிலத்தின் தலையாய அகராதியாகிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஒரு சில பேராசிரியர் அறைக்குள் இருந்து ஆக்கியதன்று. நூல்களை வாசித்து, சொற்களையும் அவை வழங்கும் வாக்கியங்களையும் தாளில் எழுதியனுப்புமாறு 1879இல் அதன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மறே பொதுமக்களை வேண்டினார். ஊதியம் பெறாத வாசகர் பலர் அனுப்பிய துண்டுத்தாள்களின்மீதே 1928இல் முற்றுப்பெற்ற அப்பெருநூல் எழுந்தது.

தமிழிலும் அரும்பணிகள் உண்டு. 1842இல் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் அகராதி வந்தது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளில் பேரகராதியை வெளியிட்டது. 1992இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி தோன்றியது. 2008இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு இலங்கை வழக்குக்கும் இடமளித்தது. இவற்றை வணங்குகிறோம். ஆயினும் தேயிலை மலையில் பிறந்த சொல்லுக்கு இவற்றிலெல்லாம் கிடைத்த இடம் எவ்வளவு? மிகச் சிறிது!

‘லயம்’ என்றதும் கற்றோர் நெஞ்சில் எழுவது இசை. கொட்டகலையில் அச்சொல் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளின் வரிசையைக் குறிக்கும். ‘மலை’ என்றால் இங்கு கொழுந்து பறிக்கும் நிலப்பகுதி. ‘பிரட்டு’ என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம். ‘பேர்’ என்பது ஒரு நாட்சம்பளம். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் விழுவது ‘அரைப்பேர்’. மனிதனின் பெயரையே பாதியாக்கும் இச்சொல்லில் ஒரு பொருளாதார அமைப்பு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. இதை விளக்காத அகராதி எவருடைய அகராதி?

‘இவை கொச்சை, இவற்றை ஏற்றினால் தமிழ் கெடும்’ என்பர் சிலர். 1960களின் தொடக்கத்தில், ஈழத்து மரபுப் போராட்டத்தின்போது, மக்கள் பேச்சைக் கதையில் எழுதியோர்மீது வீசப்பட்ட ‘இழிசனர் வழக்கு’ என்ற அதே வசைதான் இது. அன்று இலக்கியத்தில் தோற்ற வாதம் இன்று அகராதியின் வாயிலில் காவல் நிற்கிறது! 1948இல் சட்டம் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் வர நேர்ந்தது. மனிதர்க்குக் கிட்டிய குடியுரிமை அவர்தம் சொற்களுக்கு இன்னும் கிட்டவில்லை.

மற்றொரு வினா கூர்மையானது: ‘சுரண்டலை எதிர்ப்போர் ஊதியமற்ற உழைப்பைப் போற்றலாமா?’ உழைப்பின் பயன் யாருக்கு என்பதே இங்கு அளவுகோல். தோட்டத்தில் கொழுந்து பறித்தவளுக்கு அக்கொழுந்தில் உரிமையில்லை. விக்சனரியில் எழுதியதை எவரும் படிக்கலாம், எடுத்தாளலாம். மூலத்தைச் சுட்டி, மாற்றி வெளியிடுவதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும் என்பதே நிபந்தனை. வணிக நிறுவனங்களும் இதனை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் பொதுச்சொத்தை வேலியிட்டுத் தமதாக்க அவற்றுக்கு வழியில்லை.

விக்சனரியிடத்தும் நமக்கு வழக்கு உண்டு. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் என்று அது பெருமை கொள்கிறது. அவற்றுள் கணிசமான பகுதி கலைச்சொற் பட்டியல்களிலிருந்து கணினி நிரல் கொண்டு கொட்டப்பட்டது. எவர் வாயிலும் வழங்காத ஆயிரம் மொழிபெயர்ப்புச் சொற்களை ஏற்றுவது எளிது. பாட்டியின் வாயிலுள்ள ஒரு சொல்லை இடம், பொருள், எடுத்துக்காட்டுடன் பதிவது கடினம். எண்ணிக்கை மயக்கம் ஒழிய வேண்டும். அதை ஒழிக்க வல்லவர் தொண்டரே.

சான்று எங்கே என்று கேட்பார்கள், கேட்கட்டும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக நாட்டார் பாடல்கள் உள்ளன. 1964இல் வந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ உள்ளது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ உள்ளது. இவற்றிலிருந்து வாக்கியங்களை எடுத்துச் சொல்லோடு சேர்ப்போம். அருகில் சிங்களச் சொல்லையும் எழுதுவோம்; அண்டை வீட்டான் நம் வாழ்வை அறியட்டும்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! பிரட்டுக்கு எழுந்து சென்ற தலைமுறை மறைந்து வருகிறது. தாயின் சொல்லைச் சொல்ல மாணவன் வெட்கப்படுகிறான். அவ்வெட்கத்தைச் சிவப்பு மையால் வளர்ப்பது நம் வகுப்பறையே. விடைத்தாளில் அச்சொல்லை அடிக்குமுன், அதன் பொருளை அவனிடமே கேட்டு எழுதச் செய்வோம். வாரத்துக்கு ஐந்து சொல் போதும். பண்டிதர் வரும்வரை காத்திருக்க நமக்குக் காலமில்லை.