‘40 மடங்கு’ சத்தம்: எலெக்ட்ரானிக் ஸ்டெதஸ்கோப்பை எப்படி அளப்பது?

எலெக்ட்ரானிக் ஸ்டெதஸ்கோப் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது ஒரு எண்தான். ‘லிட்மன் கோர்’ கருவிக்கு அது ‘40 மடங்கு வரை’. கூடவே பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: உச்ச அதிர்வெண்ணில், சாதாரண ஸ்டெதஸ்கோப் மோடுடன் ஒப்பிடும்போது. அதாவது, சத்தம் மிக அதிகமாகக் கூடும் ஒரு புள்ளியில் மட்டும். மற்ற இடங்களில்? அந்த எண் சொல்லாது.

40 மடங்கு என்றால் எவ்வளவு?

ஒலி அழுத்தம் 40 மடங்கு கூடினால் 32 டெசிபல். ஒலியின் திறன் 40 மடங்கு என்றால் வெறும் 16 டெசிபல். "எதுல 40?" என்று கேட்காமல் இரண்டு கருவிகளை ஒப்பிட முடியாது. தவிர, இதயத் துடிப்போடு ஃபேன் சத்தமும் சட்டை உரசலும் சேர்ந்தே பெரிதாகும்.

இதில் யாருக்கு ஆபத்து?

இதய ஒலிகள் பெரும்பாலும் 20 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவருக்குக் கேட்பது தாழ்ந்த உறுமல். வைட்ஃபீல்டில் 2001 முதல் இலவச இதய அறுவை சிகிச்சை செய்யும் சத்ய சாய் மருத்துவமனை போன்ற இடத்துக்கு அவர் வந்து சேர வேண்டுமானால், முதலில் ஒரு டாக்டர் காதில் அந்த உறுமல் விழ வேண்டும். கருவி அதை வெட்டிவிட்டாலோ, ரெக்கார்டிங்கை மொபைல் ஸ்பீக்கரில் கேட்டாலோ ‘நார்மல்’ என்றே தோன்றலாம். எக்கோ எடுக்கச் சொல்ல மாட்டார்.

எப்படி அளக்கிறார்கள்?

உடல் திசுவைப் போன்ற ஜெல் அல்லது சிலிக்கான் பரப்புக்கு அடியில் ஸ்பீக்கர் வைத்து, தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை வரிசையாக ஒலிக்க விடுவார்கள். மேலே ஒரே அழுத்தத்தில் கருவியை வைத்து, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு வந்தது என்று வளைவு வரைவார்கள். பிறகு அறையில் இரைச்சல் போட்டு, அது எவ்வளவு உள்ளே நுழைகிறது என்று பார்ப்பார்கள்.

சட்டம் போதாதா?

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லா மருத்துவக் கருவிகளும் ஒழுங்குமுறைக்குள் வந்துவிட்டன. மின் பாதுகாப்புக்கு ஐஇசி 60601-1 தரநிலை இருக்கிறது. ஆனால் ஷாக் அடிக்காது என்பதும் சரியாகக் கேட்கும் என்பதும் வேறு வேறு.

நீங்கள் என்ன கேட்கலாம்?

அப்பா அம்மாவுக்காக வாங்கினாலும் சரி, வைட்ஃபீல்ட் ஆபீஸில் உட்கார்ந்து இதற்கு ஏஐ மாடல் எழுதினாலும் சரி, மூன்றைக் கேளுங்கள்: அதிர்வெண் வளைவு எங்கே? இரைச்சல் அளவு என்ன? எந்தப் பரப்பில் சோதித்தீர்கள்? மைக் பிடிக்காத ஒலியை எந்த ஏஐயாலும் கேட்க முடியாது.