பெயரை எத்தனை முறைதான் கேட்பீர்கள்?

இரத்தம் எடுக்க வரும் செவிலியர் நோயாளியின் பெயரைக் கேட்கிறார். சற்று நேரத்தில் ஊசி போட வருபவரும் அதையே கேட்கிறார். ஸ்கேன் அறை வாசலில் மூன்றாம் முறை. “எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே டாக்டர், பிறகு ஏன் அப்பாவை வாட்டுகிறீர்கள்?” என்று வேடசந்தூரிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் வினவினார். கேள்வி நியாயமானதே. ஆயினும், கணினியில் இருப்பதனாலேயே கேட்க வேண்டியிருக்கிறது என்பது என் கருத்து.

ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் முந்தைய 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணிதவியலாளர் 1969இல் வகுத்த முறை அது. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தாலும், அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றி அடித்தாலும் மென்பொருள் கண்டுகொள்ளும். அழகான ஏற்பாடுதான். ஆனால் அவசரத்தில் தம்பியின் அட்டையைக் கொடுத்துவிட்டால், அந்த எண்ணை அது மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். எண் சரி, ஆள் வேறு. 56 கிலோ எடையை 65 எனப் பதிந்தாலும் அப்படியே. மருந்தின் அளவோ அந்த எடையைப் பொறுத்தது.

நம் பக்கத்துப் பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டா. ஒரே காலையில் மூன்று மாரியம்மாள்கள் வருவர். தலைப்பெழுத்து ஒருவருக்கு முன்னே, மற்றொருவருக்குப் பின்னே. வயது “அறுபது இருக்கும்”.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், நத்தம் பகுதியைச் சேர்ந்த ஒரே பெயருடைய இரு பெண்மணிகள் ஒரே வார்டில் இருந்தனர். ஒருவருக்கு முந்தைய நாள் கிரியேட்டினின் 6.4, மறுநாள் 1.1 என அறிக்கை வந்தது. டயாலிசிஸ் செய்யாமல் ஓர் இரவில் அவ்வளவு இறங்காது. ஓடிச்சென்று பார்த்தால், மற்றவரின் கழுத்தில் டயாலிசிஸ் குழாய் செருக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. திரையில் இரு அறிக்கைகளுக்கும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற பச்சைக்குறி இருந்தது. பதிந்தவரே சரிபார்த்தும் இருந்தார்! தன் பிழை தன் கண்ணுக்குத் தெரிவது அரிது. அன்று காப்பாற்றியது பச்சைக்குறியன்று, முந்தைய நாளின் எண்.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. இரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016லேயே, அவர் முன்பு இரத்தம் அளித்தபோதே கண்டறியப்பட்டிருந்தது. அச்செய்தி அவரையும் எட்டவில்லை, அவர் மீண்டும் இரத்தம் கொடுக்க வந்தபோது குறுக்கே வந்து தடுக்கவும் இல்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தன் நிலையை அறிந்து அவரே தெரிவித்தபோது காலம் கடந்துவிட்டது. தகவல் இருந்தது, தேவைப்பட்ட இடத்தில் அதனோடு ஒப்பிட எவரும் இல்லை.

ஆகவே பதிந்தவர் அல்லாத இன்னொருவர், இன்னொரு சான்றைக் கொண்டு ஒப்பிட்டால்தான் அதைச் சரிபார்ப்பு என்பேன். ஒரு பதிவைத் திருத்தினால் பழைய எண்ணும் திருத்தியவர் பெயரும் அழியாமல் நிற்க வேண்டும். அதற்காக எச்சரிக்கைகளைக் குவிப்பதும் தீர்வன்று. எடுத்ததற்கெல்லாம் சிவப்பு விளக்குக் காட்டும் மென்பொருளில், படியாமலே ‘சரி’ என்று அழுத்திவிடுவர். நாங்களும் மனிதர்களே.

மென்பொருளுக்கு வெளியே இருக்கும் சான்று நீங்கள்தான். “நீங்கள்தானே மாரியம்மாள்?” என்று எங்களில் எவரேனும் கேட்டால் அது கேட்கும் முறையன்று, காது மந்தமான பெரியவர்கள் எதற்கும் தலையாட்டிவிடுவர். அப்போது உடனிருப்பவர் முழுப்பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர் ஆகியவற்றைச் சொல்லுங்கள். கைப்பட்டையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்த வேடசந்தூர்க்காரர் படித்தார். தந்தையின் வயது ஐந்தாண்டு கூடுதலாக இருந்தது. அன்று மாலையே திருத்தினோம்.