லோன் கார்டு தமிழில் இருக்கிறதா?

கேரளத்தில் இரண்டு ஊர்களின் பெயரை ஆங்கிலத்தில் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். பாலக்காடு மாவட்டத்தில் பாரதப்புழை ஓரம் இருப்பது ஆனைக்கரை. இடுக்கியில் குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் நடுவே, ஏலத்தோட்டங்கள் சூழ இருப்பது அணக்கரை. ஆங்கில எழுத்தில் விழுந்ததும் ஆனையும் அணையும் ஒன்றாகிவிடுகின்றன.

ஊர்ப் பெயர் குழம்பினால் ஒரு கடிதம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆள் பெயர் குழம்பினால் ஒருவருடைய கடன் இன்னொருவர் தலையில் ஏறும். கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் நிறுவனங்களின் பதிவுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறொரு எழுத்து என்று பெயர் சிதறிக் கிடப்பது எல்லைப் பகுதித் தமிழர்களுக்குப் பழக்கமான தொல்லை. வாங்காத கடனோ, கட்டி முடித்த கடனோ பாக்கியாக நிற்பது அடுத்த கடனுக்குப் போய் நிற்கும்போதுதான் தெரியவருகிறது.

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து தினமும் காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறி, ஏலக்காட்டு வேலைக்கு வரும் பெண்களுக்குக் கடன் என்றால் பெரும்பாலும் குழு லோன்தான். அடமானம் இல்லை. வாரமோ மாதமோ சென்டர் என்று சொல்லும் பொது இடத்தில் கூடித் தவணை கட்ட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து போட வேண்டும். மழை பிடித்து வேலை இல்லாத வாரத்திலும் தவணை நிற்காது. அப்போது காதில் விழும் சொல் ஒன்றுதான்: “சிபில் போயிரும்.”

சிபில் என்பது தண்டனையின் பெயர் அல்ல, ஒரு நிறுவனத்தின் பெயர். அதைப் போல எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. நான்கும் 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்துக்கும் ரிசர்வ் வங்கிக்கும் கட்டுப்பட்டவை. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் பிழை இருந்தால், புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் புகார்தாரருக்கு இழப்பீடு. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி இது. கடன் கொடுத்த நிறுவனமே தாமதத்துக்குக் காரணமென்றால் அந்தப் பணத்தை அதுதான் தர வேண்டும். தோட்டத்துக் கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் சின்னத் தொகை அல்ல. ஆனால் மிரட்டல் வீடு தேடி வருகிறது, இந்த விதி வருவதில்லை.

இந்த நிறுவனங்கள் போடும் கடன் மதிப்பெண் குறைந்தால் எல்லாக் கதவும் அடைபட்டது என்பதும் பொய். 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாணவரின் வழக்கு வந்தது. அவருக்கு 16,667 ரூபாய் பழைய பாக்கி இருந்தது. இன்னொரு கடனை வங்கி வாராக்கடனாகத் தள்ளி எழுதியிருந்தது. சிபில் மதிப்பெண் குறைவு என்று ஸ்டேட் வங்கி கல்விக் கடன் தர மறுத்தது. நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன், கல்விக் கடன் விண்ணப்பத்தை அந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று சொல்லி, 4,07,200 ரூபாயைக் கல்லூரிக்குச் செலுத்த உத்தரவிட்டார்.

2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் இன்னொரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. திருவனந்தபுரம் மாவட்டம் செம்பழந்தியில் ஒரு கூட்டுறவுச் சங்கம், கடன் கட்டாதவர்களின் பெயரையும் படத்தையும் ஃபிளெக்ஸ் போர்டில் போட்டு அலுவலக வாசலில் வைத்தது. பணம் வசூலாக இது உதவுகிறது என்றும் வாதாடியது. மனிதர் மானத்தோடு வாழும் உரிமையையும் அந்தரங்க உரிமையையும் இது பறிக்கிறது என்று நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. கடனைத் திருப்பிக் கேட்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. கடன்பட்டவரின் முகத்தைத் தெருவில் மாட்டும் உரிமை இல்லை.

குழு லோனில் ஃபிளெக்ஸ் போர்டுக்கு அவசியமே இல்லை. சென்டரே போர்டாகிவிடுகிறது. சிறுகடன்களுக்காக 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிகள் தெளிவானவை. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. இரு தரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ போகலாம். முகவர் வந்தால் அடையாள அட்டையும் அங்கீகாரக் கடிதமும் கையில் இருக்க வேண்டும். உறவினரையும் நண்பரையும் உடன் வேலை செய்பவரையும் தொல்லை செய்யக் கூடாது.

உடன் வேலை செய்பவர் என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. குழுவில் இருப்பவர்கள் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள், ஒரே ஜீப்பில் போகிறவர்கள், ஒரே தோட்டத்தில் காய் எடுக்கிறவர்கள். வசூல்காரர் சத்தம் போட வேண்டியதில்லை. “இவங்க கட்டுற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டால் போதும், மிரட்டலைப் பக்கத்து வீட்டுக்காரியே செய்துவிடுவாள். இது விதியைச் சுற்றி வளைத்து மீறுவது. ரிசர்வ் வங்கி இதைப் பெயர் சொல்லித் தடை செய்ய வேண்டும்.

எல்லை இன்னொரு வகையிலும் குழப்புகிறது. வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது? கந்துவட்டிக்கு எதிராகத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, கேரளத்தில் 2012ஆம் ஆண்டுச் சட்டம். மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் தனியாக ஒன்றை நிறைவேற்றியது. அதில் சிறைத் தண்டனையும் உண்டு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்றால் அது எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். குமுளியில் நடந்ததைக் கூடலூரில் சொல்லலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது.

அமெரிக்காவில் கடன் வசூல் முறைகளுக்கென்று 1977லேயே நாடாளுமன்றச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் இன்றும் சுற்றறிக்கைகளும் மாநிலச் சட்டங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும்தான். படிக்கத் தெரிந்தவர்களே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் கையில் ஒரு சாவி இருக்கிறது. சிறுகடன் வாங்கும் ஒவ்வொருவருக்கும் லோன் கார்டு தர வேண்டும். வட்டி, தவணை, கட்டிய பணத்துக்கான ஒப்புகை, புகார் கேட்கும் அதிகாரியின் பெயர், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு பதிவும் கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிதான். ஏலக்காட்டுக்குப் போகும் தமிழ்ப் பெண்ணுக்கும், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துக்கும் அந்த மொழி தமிழ்தான். ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவது விதிமீறல். இடுக்கி, பாலக்காடு, தேனி மாவட்ட நிர்வாகங்கள் சென்டர்களுக்கு நேரில் போய் இந்தக் கார்டுகளை வாங்கிப் பார்க்க வேண்டும்.

குழுவில் இருக்கும் பெண்களே, அடுத்த கூட்டத்தில் பணத்தை நீட்டுமுன் தமிழில் கார்டு கேளுங்கள். நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. வழி கேட்க 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, சட்ட உதவிக்கான எண் 15100. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள்.