பழைய எஞ்சினும் பத்துப் பேர் யோசனையும்

மதுராந்தகம் பக்கத்து வாசகர் ஒருவர் நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது: "ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். எதைக் கேட்பது, எதை விடுவது?" அவருக்கு நடந்தது மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடலாம்.

ஒன்றரை ஏக்கர் நெல், பூ எடுக்கும் பருவம். அந்த நேரம் பார்த்துக் கிணற்று மோட்டாரில் காயில் கருகிவிட்டது. ரீவைண்டிங் கடைக்காரர் ஒரு வாரம் ஆகும் என்றார். பூக்கும் பருவத்தில் நெல் காய்ந்தால் பதர்தான் மிஞ்சும். கொட்டகையில் அப்பா காலத்து ஆயில் எஞ்சின் ஒன்று பதினைந்து வருடமாகச் சாக்கு மூடிக் கிடந்தது. பெயர்த் தகட்டில் எழுத்து தேய்ந்துவிட்டது. ஹேண்டில் போட்டால் சுற்றியது, ஆனால் கிளம்பவில்லை. மறுநாள் மயிலாப்பூரில் மச்சான் வீட்டு விசேஷம். எஞ்சினைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அப்படியே புதுப்பேட்டையில் உதிரிபாகம் பார்த்து வரலாம் என்று கிளம்பினார்.

பந்தியிலேயே யோசனைகள் ஆரம்பித்துவிட்டன. மந்தைவெளியிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "பிளக்கை மாத்துங்க, உடனே கிளம்பும்" என்றார். பழைய கார் வைத்திருக்கும் தி.நகர்க்காரர், "காத்து போற வழியில ரெண்டு மூடி பெட்ரோல் ஊத்துங்க சார்" என்றார். அடையாறு மாமாவோ, "தலைப்பக்கம் ப்ளோ லாம்ப் வெச்சுச் சூடு காட்டணும் மாப்ளே, எங்க தாத்தா அப்படித்தான் பண்ணுவார்" என்றார். ரெண்டு பாட்டில் கோலா ஊற்றி ஊறவைத்தால் துரு ஓடிவிடும் என்றார் இன்னொருவர். எஞ்சினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டினால் தண்ணீர் கொட்டும் என்று ஒரு குரல். அது எஞ்சினே இல்லை, மாவு மில்லின் பாதி என்று ஒரு குரல். சாப்பாடு முடிவதற்குள் இரண்டு பேர் குரல் உயர்த்திச் சண்டையே போட்டுவிட்டார்கள். எஞ்சின் என்ன செய்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் புதுப்பேட்டையில் ஒரு பழைய ஃபிட்டர். படத்தை ஒரு தரம் பார்த்தார். மூன்று கேள்வி கேட்டார். "தலையில பிளக் இருக்கா, நாசில் இருக்கா பெரியவரே? சுத்தும்போது கை கனக்குதா? புகை என்ன கலரு?" நாசில் இருக்கிறது, நன்றாகக் கனக்கிறது, புகையே வரவில்லை என்றார் வாசகர். "அப்போ ஒண்ணும் வாங்காதீங்க. டீசல் போகல, அவ்ளோதான். டேங்கைக் கழுவி, காத்தை எடுத்துவிடுங்க."

ஊருக்கு வந்து டேங்கைக் கழற்றினால் அடியில் தார் மாதிரி கசடு. கழுவிப் புது டீசல் ஊற்றி, லைனில் இருந்த காற்றை எடுத்ததும் எஞ்சின் கிளம்பியது. அரை மணியில் நின்றுவிட்டது. டேங்க் மூடியில் காற்று போகும் சிறு துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. ஒரு கம்பியால் குத்திவிட்டார். அன்று மாலை வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. டீசலைத் தவிர வேறு செலவில்லை.

இப்போது அவருடைய கேள்விக்கு வருவோம். பந்தியில் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இயந்திரத்துக்கு, ஏதோ ஓர் இடத்துக்குச் சரியானதுதான். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சிறிய பம்ப்செட்டுக்குப் பிளக் உண்டு. டீசல் எஞ்சினுக்குப் பிளக்கே கிடையாது. உள்ளே அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில் டீசல் தானாகப் பற்றுகிறது. ப்ளோ லாம்ப் கதையும் உண்மையே. இங்கிலாந்தின் ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1890-களில் விற்கத் தொடங்கிய வகை எஞ்சின்களில், தலையில் இருக்கும் குமிழைச் சூடாக்கினால்தான் எண்ணெய் பற்றும். 1930 வாக்கில் வந்த லிஸ்டர் வகைக்கு அது தேவையில்லை. நம் கொட்டகைகளில் கிடக்கும், நிமிடத்துக்கு 600, 650 சுற்று ஓடும் கனத்த எஞ்சின்களில் பல இந்த வகையும் இதைப் பார்த்துச் செய்தவையும்தான். கோலா துருப்பிடித்த போல்ட்டைத் தளர்த்தலாம். சிலிண்டருக்குள் ஊற்றினால் சர்க்கரைப் பிசினும் ஈரமும்தான் சேரும்.

ஆகவே யாராவது யோசனை சொன்னால், "இது எந்த எஞ்சினுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு, காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

1. ஹேண்டில் போடும்போது புகையே இல்லையா? டீசல் வரவில்லை. டேங்க், ஃபில்டர், லைனில் காற்று, மூடித் துளை ஆகியவற்றைப் பாருங்கள். பம்ப் பக்கத்து ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு மூடுங்கள்.

2. வெள்ளைப் புகை வந்தும் கிளம்பவில்லையா? டீசல் வருகிறது, சூடு போதவில்லை. கை கனக்காமல் லேசாகச் சுற்றினால் வால்வு அல்லது ரிங் தேய்ந்திருக்கும். இதற்கு மெக்கானிக் வேண்டும்.

3. ஓடும்போது கரும்புகையா? காற்று போதவில்லை அல்லது பாரம் அதிகம். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

4. சுற்றவே மறுக்கிறதா? சுத்தியலும் வேண்டாம், டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். நாசிலைக் கழற்றி, அந்த வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, ப்ளைவீலை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை முழுக்க மாற்றிவிட்டே ஓட்டுங்கள்.

இரண்டு யோசனைகளைச் சிரித்துவிட்டு விட முடியாது. ஒன்று பெட்ரோல். அது உள்ளே முன்கூட்டியே வெடித்து ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு உடையும். எந்த எஞ்சினானாலும் கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து ஹேண்டிலைப் பிடியுங்கள். எஞ்சின் கிளம்பியும் ஹேண்டில் கழன்று வராமல் சுற்றினால் பிடிக்கப் போகாதீர்கள். எட்ட நின்று டீசலை நிறுத்துங்கள். துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் ப்ளைவீல், பெல்ட் பக்கம் போகக்கூடாது.

இன்னொன்று கிணறு. கணக்குப்படி காற்றழுத்தம் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர்தான் ஏற்றும். நடைமுறையில் 6, 7 மீட்டருக்கு மேல் பம்ப் இழுக்காது. அதனால் பம்பைக் கீழே இறக்குவது சரி. எஞ்சினை இறக்குவது தவறு. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கிணற்றுக்குள் அது தங்கிவிட்டால் இறங்கியவர் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். எஞ்சின் எப்போதும் மேலேதான் இருக்க வேண்டும்.

வேறு இடத்துக்குச் சரியானதை இங்கே கொண்டுவந்து திண்டாடுவது புதிதல்ல. 1860-களில், ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில், நீராவிக் கலப்பை உட்பட இங்கிலாந்துக் கருவிகள் சென்னைக்கு வரவழைக்கப்பட்டு, அடையாற்றை ஒட்டிய சைதாப்பேட்டைப் பண்ணையில் சோதிக்கப்பட்டன. அந்த ஊரின் பெரிய வயல்களுக்குச் செய்தவை அவை. நம் சிறு வயல்களிலும் உழவு மாடுகளிடமும் எடுபடவில்லை. அதே சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906-ல் கோவைக்கு மாறி, பின்னாளில் வேளாண் பல்கலைக்கழகமானது. 1900-களின் தொடக்கத்தில் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் பாசனத்துக்கு ஆயில் எஞ்சினைக் கொண்டுவந்தபோது, கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும் என்பதையே முதலில் பார்த்தார். எஞ்சின் ஊன்றியது.

பயிருக்கும் இதே கணக்குதான். பக்கத்து வயலில் பலித்த மருந்து, பக்கத்து வயலின் நோய்க்கானது. உங்கள் இலையைத் திருப்பிப் பார்க்காமல் யார் மருந்து சொன்னாலும், அது பிளக் இல்லாத எஞ்சினுக்குப் பிளக் மாற்றச் சொல்வதுதான்.

மதுராந்தகம் வாசகருக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வந்துவிட்டாலும் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட்டுங்கள். மறக்காமல் டேங்க் மூடித் துளையைப் பாருங்கள். குளவி திரும்ப வரும்.