பாஸ் அவுட் ஆன பிள்ளைகள்

இண்டூர் நிறுத்தத்தில் தருமபுரி பஸ்ஸுக்கு நிற்கும் இளம்பிள்ளைகளிடம் படிப்பு முடிந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். "பாஸ் அவுட் ஆயிட்டேன் சார். ட்வென்டி த்ரீ பாஸ் அவுட்" என்பார்கள். ஓசூர் கம்பெனிக்குப் போகிற பயோடேட்டாவிலும் அதேதான். ஆள் எடுக்கும் விளம்பரங்களே அப்படித்தான் கேட்கின்றன. அதனால் இதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியா முழுக்கப் புழங்குகிற ஆங்கிலம் அது.

ஆனால் லண்டன்காரரோ அமெரிக்கரோ வீடியோவில் நேர்காணல் நடத்தும்போது இதைச் சொன்னால், மயங்கி விழுந்ததாகத்தான் அவர் காதில் விழும். அங்கே முதல் பொருள் அதுதான். பயிற்சி முடித்து வெளியேறுவது என்ற பொருள் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் உண்டு. பெரும்பாலும் ராணுவம், போலீஸ் சார்ந்தது. சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடப்பதும் 'பாஸிங் அவுட் பரேட்'தான். அந்த மைதானத்திலிருந்துதான் சொல் நம் கல்லூரிக்குள் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நோட்டுகளை எல்லாருக்கும் கொடு என்பதற்கும் அமெரிக்காவில் 'பாஸ் அவுட்' உண்டு. 'நோட்டு' என்ற சொல் 'அவுட்'டுக்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். 'அவற்றை' என்று சுட்டினால் மட்டும் நடுவில்தான் வர வேண்டும்: 'பாஸ் தெம் அவுட்'. மயங்கி விழுவதற்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்குச் செயப்படுபொருளே கிடையாது.

வேற்று மொழிக்காரர்களை, வினையோடு அவுட், அப் போன்ற சின்னச் சொல் ஒட்டிவரும் இந்த 'ஃப்ரேசல் வெர்ப்' வகை வினைகள்தான் அதிகம் திணறடிக்கும் என்று சாமுவேல் ஜான்சன் 1755-லேயே தன் அகராதி முன்னுரையில் எழுதினார். தமிழ்ப் பிள்ளை அப்படித் திணறத் தேவையில்லை. எழுதிவிட்டேன், எழுதிக்கொண்டேன், எழுதிவைத்தேன், எழுதித் தள்ளினேன். இங்கே 'தள்ளு' எதையும் தள்ளவில்லை, 'வை' எதையும் எங்கும் வைக்கவில்லை. சொந்தப் பொருளை விட்டுவிட்டு முன்னே நிற்கும் வினைக்கு ஒரு சாயலைக் கொடுக்கின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலையை அவுட், ஆஃப், அப் செய்கின்றன. நாம் ஒட்டுவது வினை, அவர்கள் ஒட்டுவது சின்னச் சொல். வித்தியாசம் அவ்வளவுதான்.

தமிழ் வகுப்பில் துணைவினை படித்த பிள்ளைக்கு, அடுத்த பீரியடில் ஃப்ரேசல் வெர்ப் ஏதோ புது வியாதி மாதிரி பட்டியலாக வந்து இறங்குகிறது. பாஸ் அவே என்றால் இறந்துபோ, பாஸ் ஆன் என்றால் அடுத்தவரிடம் சேர்த்துவிடு, பாஸ் அப் என்றால் வாய்ப்பை விட்டுவிடு. நெட்டுருப் போட்டுப் பரீட்சையோடு மறந்துவிடுகிறார்கள். 'இறந்துபோ'வில் உள்ள 'போ' எங்கே போகிறது என்று ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் போதும், பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். பத்து அர்த்தங்களை ஒப்பிக்க வைப்பதைவிட, ஒரு வினையைப் பத்து வாக்கியங்களில் பழக விடலாம்.

வெளிநாட்டு வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகள் பயோடேட்டாவில் அந்த 'பாஸ் அவுட்' வரியை மாற்றிவிடுங்கள். பட்டப்படிப்பு என்றால் 'கிராஜுவேட்டட் இன் 2023'. டிப்ளமோ, பிளஸ் டூ என்றால் 'கம்ப்ளீட்டட்' போதும்.